இரண்டு காட், ஒரு மதர்போட்

எங்கட போடிங்கில நாலு பேர். நாலும் கலைப்பீடம். பியூஸ் போனால் மாத்தத் தெரியும், அவ்வளவுதான். ஆனாலும் இரண்டு பழைய ஜிடிஎக்ஸ் 1070 கிராபிக்ஸ் காட்டையும் ஒரே கம்பியூட்டரில பூட்டி கேம் விளையாடுறது என்று முடிவெடுத்திட்டோம். ஒன்று ஒருத்தன் மகாபொலக் காசு சேர்த்து வாங்கியது. மற்றது இன்னொருத்தனுக்கு மாமா வெளிநாட்டில இருந்து அனுப்பியது.

நீளமான ஸ்லாட் இரண்டு இருந்தால் சரி என்றுதான் நினைத்திருந்தோம். மலிவான மதர்போட்டுகளில் இரண்டாவது ஸ்லாட் நீளத்துக்குத்தான் 16. உள்ளே ஓடுறது பெரும்பாலும் 4 லேன்தான். எஸ்.எல்.ஐ.க்கு ஒரு காட்டுக்குக் குறைந்தது 8 வேணும். புரொசசர் தருகிற 16 லேனை எட்டு எட்டாகப் பிரிக்கிற இசட் 270 போட் ஒன்று தேடிப்பிடித்தோம். விலையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் வந்தோம்.

பிறகுதான் வாசித்தோம்: இந்த வகைக் காட்டுகளுக்குப் புது எஸ்.எல்.ஐ. புரொபைல் எழுதுறதை என்விடியா 2021 தொடக்கத்தோடு நிறுத்திவிட்டது. பல புதுக் கேம்களில் இரண்டாவது காட் சும்மாதான் இருக்கும். நினைவகமும் கூடாது, எட்டும் எட்டும் அங்கே எட்டுத்தான். (இதை முதலில் வாசித்திருக்கலாம்!)

ஆகவே ஒரு காட்டுக்கான சாதாரண மதர்போட் போதும். ஆனால் யாற்ற காட்?

இரண்டு நாள் ஒருத்தரும் அந்தக் கதையை எடுக்கேல்ல. மூன்றாம் நாள் மாமாட காட்டை அவனே விற்று, பவர் சப்ளையோடு வந்து நின்றான். இப்ப முதல் ஆட்டம் எப்பவும் அவனுக்குத்தான். மகாபொலக்காரன் கதிரையை விட்டு எழும்பிவிடுவான்.