ஒரு கொட்டையில் மூன்று கன்று

ஆடிப்பூரத் தேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போகும்போதெல்லாம் தெருவோரம் நாவல் பழத்தைக் கூறு கட்டி விற்பதைப் பார்ப்பேன். பார்த்ததும் ஒரு பையன் நினைவுக்கு வருவான். ராஜபாளையத்தில் நான் தாவரவியல் ஆசிரியராக இருந்த காலம். ஈர மண்ணோடு ஒரு தகர டப்பாவை என் மேசையில் வைத்து, "சார், ஒரே கொட்டையில மூணு கன்னு வந்திருக்கு. எப்படி சார்?" என்றான். காலாண்டுத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. "அது பரீட்சைக்கு வராதுப்பா, போய் உட்காரு" என்றேன். டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அதற்கப்புறம் அவன் என்னிடம் எதையும் கொண்டுவரவில்லை.

விடை எனக்குத் தெரியாமல் இல்லை. விதைக்குள் பெரும்பாலும் ஒரே கரு, மகரந்தம் சேர்ந்து உண்டானது. நாவல், ஆரஞ்சு, சில மா வகைகளில் அந்தக் கருவைச் சுற்றியிருக்கும் தாய்ச்செடியின் திசுவே தானாகக் கருக்களை அரும்பவிடும். அப்படி வரும் கன்றுகள் தாய்மரத்தை அப்படியே கொண்டிருக்கும். இதை விளக்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தை நான் கொடுக்கவில்லை.

தாவரக் கருவியல் என்ற இந்தத் துறையை நம் நாட்டில் வளர்த்தெடுத்தவர் பஞ்சானன் மகேஸ்வரி. 1904-ல் ஜெய்ப்பூரில் பிறந்தவர். பூக்கும் தாவரங்களின் கருவியல் பற்றி 1950-ல் அவர் வெளியிட்ட நூலில், ஒரு விதையில் பல கரு தோன்றுவதற்கென்றே தனி அத்தியாயம் உண்டு. அலகாபாத் யூயிங் கிறிஸ்தவக் கல்லூரியில் அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் வின்ஃபீல்ட் டட்ஜன் என்ற அமெரிக்கர். 1920-ல் தொடங்கிய இந்தியத் தாவரவியல் சங்கத்தின் முதல் தலைவரும் அவர்தான். குருதட்சணையாக என்ன தரட்டும் என்று மாணவர் கேட்டபோது, நான் உனக்குச் செய்ததை நீ உன் மாணவர்களுக்குச் செய் என்று சொன்னாராம். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. தகர டப்பாதான் கண்முன் நின்றது.

மகேஸ்வரி அந்தக் கடனை வாழ்நாள் முழுக்க அடைத்தார். 1951-ல் டெல்லியில் சர்வதேசத் தாவர உருவவியலாளர் சங்கத்தை நிறுவி, 'பைட்டோமார்ஃபாலஜி' என்ற ஆய்விதழையும் தொடங்கினார். நம் பிள்ளைகளின் ஆய்வும் வெளிநாட்டு அறிஞர்களின் ஆய்வும் ஒரே இதழில் வந்தன. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான உயிரியல் பாடநூல் பணிக்கும் அவரே முன்னின்றார். 1965-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. மறு ஆண்டே மறைந்தார்.

அவருடைய தாவரவியல் துறையில் 1964-ல் சிப்ரா குஹாவும் எஸ்.சி. மகேஸ்வரியும் செய்தது உலகத்தையே திரும்பிப் பார்க்கவைத்தது. ஊமத்தை இனத்துச் செடி ஒன்றின் மகரந்தப்பையை ஊட்டக் கரைசலில் வளர்த்தார்கள். மகரந்தத் தூளிலிருந்தே கரு எழும்பியது! ஒரு செடிக்கு உரிய குரோமோசோமில் பாதியை மட்டும் கொண்ட கரு அது. அதை இரட்டிப்பாக்கினால் கலப்பில்லாத சுத்த வித்து ஒரே தலைமுறையில் கிடைக்கும். தலைமுறை தலைமுறையாகப் பயிரைப் பொறுக்கியெடுத்த காலம் சுருங்கியது. நெல், புகையிலை என்று பல பயிர்களுக்கு இந்த வழி போனது. அவர்கள் சேர்த்துப் பார்த்தவற்றில் இளநீரும் ஒன்று. தென்னங்கருவுக்கு இயற்கை வைத்த உணவு ஊமத்தைக்கும் உதவியிருக்கிறது. எங்கள் ஊர் சஞ்சீவி மலையடிவாரத்தில் ஊமத்தையைப் பார்க்கும்போது அதை இப்போது வெறும் விஷச்செடியாக நினைக்க முடிவதில்லை.

நம் பக்கத்திலும் அப்படி ஒரு ஆசிரியர், சென்னை மாநிலக் கல்லூரியில் பி.ஜி.எல். சுவாமி இருந்தார். ஆர்க்கிட் கருவியலில் பேர்போனவர், பிறகு அக்கல்லூரியின் முதல்வர். தாவரவியல் சங்கம் பஞ்சானன் மகேஸ்வரிக்கு வழங்கிய பீர்பால் சாஹ்னி பதக்கம் இவருக்கும் கிடைத்தது. செடிகளைத் தேடி அலைந்த அனுபவத்தைக் கன்னடத்தில் எழுதி 1978-ல் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றார். மாணவர் கே.வி. கிருஷ்ணமூர்த்தியோடு சேர்ந்து பூவிலிருந்து கனிவரை என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு கருவியல் நூல் எழுதினார். அட்டையில் ஆசிரியர் பெயருக்குப் பக்கத்தில் மாணவர் பெயர். எந்தப் பதக்கத்துக்கும் அது குறைந்ததில்லை என்பேன்.

இளையவரை முன்னிறுத்தும் வழக்கம் கடல் கடந்தும் உண்டு. பிரிட்டனில், கரு வளர்வதை ஆராயும் வளர்ச்சி உயிரியலாளர்களுக்குச் சங்கம் ஒன்று இருக்கிறது. எலிக் கருவை ஆராய்ந்த ரோசா பெடிங்டன் 2001-ல் 45 வயதில் இறந்துபோனார். அவர் பெயரில் அந்தச் சங்கம் தருவது ஒரு பதக்கம், அதில் அவரே வரைந்த எலிகள். மூத்த பேராசிரியர்களுக்கு வேறு பதக்கம் உண்டு. இது சிறந்த முனைவர் பட்ட ஆய்வேடு எழுதிய இளையவருக்கு. இளைஞர்கள் மாநாட்டுக்குப் போய்வரப் பயணச்செலவும் அந்தச் சங்கம் கொடுக்கிறது. பதக்கத்தைவிட இந்த ரயில் காசுதான் பெரிதென்று எனக்குத் தோன்றுகிறது. ஊர்ப்பக்கத்துப் பிள்ளை தன் ஆய்வை விளக்கும் படத்தை மாநாட்டில் ஒட்டிவிட்டு ஓரமாக நிற்கும். புத்தகத்தில் பெயர் மட்டும் பார்த்திருந்த ஒருவர் குனிந்து பார்த்து, இது எப்படி வந்தது என்று கேட்பார். அந்தப் பிள்ளையின் முதுகு அன்றைக்கு நிமிரும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நாங்கள் நான்கு பேர், பென்ஷனில் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்து வைக்கிறோம். அறிவியல் கண்காட்சிக்கு மதுரை போகிற பிள்ளைக்கு பஸ் செலவு, சாப்பாட்டுச் செலவு, ஒரு கைலென்ஸ். சங்கம் என்று பெயரெல்லாம் வைக்கவில்லை.

போன ஆடியில் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி, ஒன்பதாம் வகுப்பு, அய்யனார் கோயில் பக்கம் பொறுக்கிய நாவல் கொட்டைகளைத் தயிர் டப்பாவில் முளைக்கப் போட்டிருந்தாள். ஒன்றில் நான்கு முளை. "தாத்தா, இதுல எது தாய் மாதிரியே வரும்?" என்றாள்.

"பார்த்தாத் தெரியாதும்மா. வளர்த்துத்தான் பார்க்கணும்."

இருவரும் திண்ணையில் உட்கார்ந்து, வேர் அறாமல் நான்கையும் பிரித்தோம். ஒரு மணி நேரம் ஆனது. தனித்தனிப் பையில் வைத்து எண் போட்டோம். விதைக்கன்று நாவல் காய்க்க எட்டு, பத்து வருஷம் ஆகும். எனக்கு எழுபத்தி நான்கு. நோட்டில் தேதியையும் எண்களையும் அவளையே எழுதச் சொன்னேன்.