இறுக்குவது வேறு, பூட்டுவது வேறு

அன்புள்ள பேராண்டிக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரிகன் மாநிலத்து ஆரோராவிலிருந்து பெட்டி பெட்டியாக வந்த தகடுகள் உன் வீட்டு கராஜில் ஆர்வி-8 விமானமாக உருவெடுத்துவிட்டன. ரிவெட் வரிசை நூல் பிடித்த மாதிரி இருக்கிறது. பாட்டி தெருவில் எல்லோருக்கும் காட்டியாகிவிட்டது. எனக்கும் பெருமைதான். ஆனால் ஒரு படத்தில் கண் நின்றுவிட்டது. ஸ்டிக்கின் அடியில், அது அசைகிற அச்சில், கேஸில் நட் போட்டிருக்கிறாய். போல்ட்டில் துளை தெரிகிறது. துளைக்குள் காட்டர் பின் இல்லை.

"இப்போதைக்குப் போட்டது தாத்தா, கடைசியில் பின் போட்டுவிடுவேன்" என்பாய். சொன்னபடி செய்யவும் செய்வாய். இருந்தாலும் எழுதுகிறேன். ஹேங்கரில் நட்டும் போல்ட்டுமாகவே தலை நரைத்தவன் நான். உனக்கு விட்டுப்போக நிலபுலம் பெரிதாக இல்லை. இந்தத் தொழிலில் கற்றது இருக்கிறது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் மூத்த மெக்கானிக் சொல்லித்தந்த முதல் பாடம் இது: இறுக்குவது ஒரு வேலை, பூட்டுவது இன்னொரு வேலை. ஒன்றைச் செய்ததும் இரண்டும் முடிந்துவிட்டதாகக் கை நினைத்துக்கொள்ளும். அப்படி நினைக்க விடக் கூடாது.

உன் விமானத்தில் அதிகம் வருகிற ஏஎன்-3 போல்ட்டை எடுத்துக்கொள். அதன் தடிமன் ஓர் அங்குலத்தில் 16-இல் 3 பங்கு. அதற்குரிய இறுக்கம் 20 முதல் 25 இன்ச்-பவுண்டுதான். சின்ன ஸ்பேனரை இரண்டு விரலால் இழுத்தாலே அந்த அளவு வந்துவிடும். பலம் காட்டினால் மரை இழுபட்டு, போல்ட்தான் கெடும். சரியான அளவுக்கு இறுக்கிய நட்டும் அதிர்வில் மெல்லத் திரும்பும். முன்னால் நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 2,400 சுற்றில் ஓடும்போது, பின்னால் ஒவ்வொரு நட்டும் கழலத்தான் பார்க்கும். அதனால்தான் பூட்டு.

பூட்டிலும் இரண்டு வகை. நைலான் வளையம் வைத்த நட் உரசலால் மரையைப் பிடித்துக்கொள்ளும். கேஸில் நட்டில் காட்டர் பின் போல்ட்டையே துளைத்துக் குறுக்கே நிற்கும். அங்கே உரசலுக்கு வேலையில்லை. போல்ட் தானே சுழலக்கூடிய இணைப்பில் உரசலை மட்டும் நம்பும் நட்டைப் போடக் கூடாது, உரசல் சாராத இன்னொரு பூட்டும் வேண்டும் என்பது தொழிற்சாலையில் செய்கிற விமானங்களுக்கான அமெரிக்க விதி. பேரிங்கின் உள்வளையத்தை இறுக்கிப் பிடித்து, போல்ட் அசையாமல் நிற்கிற இடத்தில் நைலான் நட் போதும். எங்கே எது என்பதை வரைபடம் சொல்லும். கையில் கிடைத்ததைப் போடாதே, வரைபடத்தில் இருப்பதைப் போடு.

நம் ஊர் மாட்டு வண்டியின் கடையாணியை நீ சின்ன வயதில் பார்த்திருக்கிறாய். அது பாரம் சுமப்பதில்லை, சக்கரத்தை உருட்டுவதும் இல்லை. சக்கரம் அச்சைவிட்டு வெளியே வராமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் முழு வேலை. காட்டர் பின்னுக்கும் அந்த ஒரு வேலைதான்.

பின் போடும்போது ஓர் இடத்தில் மனம் சறுக்கும். நட் சரியான இறுக்கத்துக்கு வந்திருக்கும், ஆனால் நட்டின் பள்ளமும் போல்ட்டின் துளையும் நேராக வந்திருக்காது. நட்டைக் கொஞ்சம் பின்னால் தளர்த்தினால் பின் நுழைந்துவிடும். செய்யாதே. நட்டைக் கழற்று, அடியில் இருக்கிற வாஷரை மாற்று. ஏஎன் வாஷர் ஒரே அளவில் தடித்தது, மெல்லியது என இரண்டு வகையில் கிடைப்பதே இதற்காகத்தான். இரண்டு நிமிட வேலை. இந்த இரண்டு நிமிடத்துக்குச் சலிக்காதவன் மற்ற வேலையிலும் சலிக்க மாட்டான் என்பது நான் ஆட்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

அடுத்தது, ஹேங்கரில் எங்களுக்கு ஊறிப்போன ஒரு கேள்வி: இது கழன்றால் பிறகு எது பிடிக்கும்? போல்ட்டின் தலை மேலே அல்லது முன்பக்கம் பார்த்து இருக்கட்டும் என்பது அந்தக் கேள்வியிலிருந்து வந்ததுதான். நட் விழுந்துபோனாலும் போல்ட் தன் எடையிலேயே கொஞ்ச நேரம் இடத்தில் உட்கார்ந்திருக்கும். ராட் எண்டில், அதாவது தண்டின் முனையில் இருக்கிற பேரிங்கில், பெரிய வட்ட வாஷர் போடுவதும் அப்படித்தான். உள்ளே இருக்கிற குண்டு தேய்ந்து வெளியே வந்துவிட்டால்கூட, வாஷர் அந்த ஓட்டையைவிடப் பெரிதாக இருப்பதால் ராட் விலகி ஓடாது. ஆட்டம் கொடுக்கும், ஆனால் கையில் விமானம் இருக்கும், இறக்கிவிடலாம்.

இந்தக் கேள்வியை வீட்டுக்குள்ளும் கேட்டிருக்க வேண்டும். உன் பெரிய தாத்தாவைப் போல உழைப்பாளியை நான் பார்த்ததில்லை. நிலப் பத்திரம் எங்கே இருக்கிறது, சீட்டுப் பணம் யாரிடம் நிற்கிறது, யாருக்கு எவ்வளவு கொடுத்திருக்கிறார், எல்லாம் அவர் தலைக்குள்ளேயே இருந்தது. மனுஷன் ஒரே ராத்திரியில் போய்ச் சேர்ந்தார். பெரிய பாட்டி பத்திரத்தைத் தேடி எந்தெந்த அலமாரியையெல்லாம் புரட்டினாள் என்று உன் அம்மாவைக் கேள். அவர் எதிலும் குறை வைத்தவர் இல்லை. ஆனால் அந்தக் குடும்பத்தை ஒரே ஒரு போல்ட் பிடித்துக்கொண்டிருந்தது. உனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. உன் மனைவிக்குத் தெரியாத கணக்கு ஒன்றுகூட உன்னிடம் இருக்கக் கூடாது.

பின் இல்லாத போல்ட் என்ன செய்யும் என்று ஒரு கதை கேள். 2000 பிப்ரவரி 16 அன்று கலிபோர்னியாவில் மேதர் விமான நிலையத்திலிருந்து எமரி நிறுவனத்தின் டிசி-8 சரக்கு விமானம் ஒன்று கிளம்பியது. தரையைவிட்டு எழும்பியதும் மூக்கு தானாக மேலே போனது. பாரம் பின்னால் சரிந்துவிட்டது என்றுதான் விமானிகள் எண்ணினார்கள். கட்டுப்பாட்டு அறைக்கும் அப்படித்தான் சொன்னார்கள். சில நிமிடங்களில் விமானம் விழுந்து மூன்று பேரும் இறந்துபோனார்கள். சரக்கு வைத்த இடத்திலேயே இருந்தது. வாலில், வலது எலிவேட்டரின் கன்ட்ரோல் டேபை இயக்குகிற தண்டைப் பிடித்திருந்த போல்ட்தான் விலகியிருந்தது. அதைச் சரியாகப் பூட்டவும் இல்லை, பூட்டியிருக்கிறதா என்று சரியாகச் சோதிக்கவும் இல்லை என்பது அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் முடிவு. அத்தனை பெரிய நிறுவனம், அத்தனை ஆட்கள், அத்தனை கையெழுத்துகள் இருந்தும் இது நடந்தது. உன் கராஜில் நீ ஒருவன்தான்.

இனி அந்த "இப்போதைக்கு" என்ற சொல்லுக்கு வருகிறேன். வீட்டில் விமானம் கட்டுகிறவர்களுக்கு இருக்கிற பெரிய கண்ணி அதுதான். நீ எல்லாவற்றையும் இரண்டு மூன்று முறை மாட்டிக் கழற்றப் போகிறாய். பெயின்ட் அடிக்கக் கழற்றுவாய். கராஜிலிருந்து விமானத்தளத்துக்குக் கொண்டுபோக இறக்கைகளைப் பிரிப்பாய். அங்கே நண்பர்கள் கூடி, காபி குடித்துக்கொண்டே மறுபடி மாட்டுவீர்கள். அந்த உற்சாகத்தில் எது முடிந்தது, எது பாதியில் நிற்கிறது என்று நினைவு சொல்லாது. தள்ளுதண்டின் முனையில் இருக்கிற ஜாம் நட்டைப் பார். ஏலரான் கோணத்தைக் கடைசியாகச் சரிசெய்த பிறகு இறுக்கலாம் என்று தளர்த்தியே வைத்திருப்பார்கள். கோணம் சரியான நாளில் சந்தோஷத்தில் அதை மறந்துவிடுவார்கள். பிறகு பறக்கப் பறக்கத் தண்டு தானே சுழல ஆரம்பிக்கும்.

எங்கள் வழக்கத்தைச் சொல்கிறேன். முடிந்த நட்டின் மேல் மட்டும் டார்க் சீல் வண்ணத்தால் ஒரு கோடு, நட்டிலிருந்து போல்ட் மேல் ஏறுகிற மாதிரி. முடியாததில் சிவப்பு நாடா தொங்கும். கோடும் இல்லை, நாடாவும் இல்லை என்றால் அந்த இணைப்பு தொடப்படவே இல்லை என்று எடுத்துக்கொண்டு முதலிலிருந்து செய்ய வேண்டும். "போட்ட ஞாபகம் இருக்கிறது" என்ற பேச்சுக்கே இடமில்லை. நடுவில் போன் வந்து எழுந்துபோனால், திரும்பி வந்ததும் மூன்று படி பின்னால் போய்த் தொடங்கு. மனைவி சாப்பிடக் கூப்பிட்டாலும் அப்படித்தான்.

எதை எங்கே வைப்பது என்பதிலும் கவனம் வேண்டும். பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12 அன்று கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் விழுந்து இறந்தார். ஓட்டியது லாங்-ஈஸி, பர்ட் ரூட்டன் வடிவமைத்து, தனிநபர்கள் வரைபடம் வாங்கி வீட்டில் கட்டிய விமானம். டென்வர் 2,700 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். அந்த விமானத்தை அவர் கட்டவில்லை, வாங்கினார். எரிபொருள் டேங்கை மாற்றுகிற கைப்பிடியை ரூட்டன் விமானியின் கால்களுக்கு இடையில் வைத்திருந்தார். கட்டியவர் அதை விமானியின் இடது தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துவிட்டார். அதைத் திருப்ப வேண்டுமென்றால் ஸ்டிக்கை விட்டு, உடம்பை முறுக்கித் திரும்ப வேண்டும். அப்படி முறுக்கும்போது வலது கால் தன்னையறியாமல் ரட்டர் பெடலை அழுத்தியிருக்கிறது என்று விசாரணை சொன்னது. கைப்பிடியில் எந்தப் பக்கம் எந்த டேங்க் என்று எழுதியும் இருக்கவில்லை. கட்டியவர் கெட்ட எண்ணத்தில் செய்திருக்க மாட்டார். ஆனால் வடிவமைத்தவர் ஒன்றை ஓர் இடத்தில் வைத்திருந்தால், ஏன் வைத்தார் என்று முழுவதும் புரிகிற வரை அதை நகர்த்தக் கூடாது. உனக்கு முன்னால் பெரியவர்கள் செய்துவைத்த பல ஏற்பாடுகளுக்கும் இதைத்தான் சொல்வேன். மாற்று, வேண்டாம் என்று சொல்லவில்லை. காரணம் தெரிந்து மாற்று.

கடைசியாக, இதுதான் உனக்குக் கசக்கும். உன் நாடான அமெரிக்காவின் சட்டப்படி விமானத்தின் பெரும்பகுதியை நீயே செய்தால்தான் அது வீட்டில் கட்டிய விமானம் என்ற வகையில் சேரும். முடித்த பிறகு, வருடாந்திரச் சோதனையை நீயே செய்து நீயே கையெழுத்துப் போடும் சான்றிதழும் உனக்குக் கிடைக்கும். பெரிய உரிமை அது. செய்தவன் கண்ணும் சோதிப்பவன் கண்ணும் ஒன்றாகிவிடுவதால் பெரிய ஆபத்தும் அதுவேதான். செய்தவன் கண்ணுக்கு, தான் செய்ததாக நினைத்ததுதான் தெரியும்.

1990 ஜூன் 10 அன்று பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்றின் முன்கண்ணாடி நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது. கேப்டனின் பாதி உடம்பு வெளியே போய்விட்டது. பணியாளர்கள் அவரைப் பிடித்துக்கொண்டே இருக்க, துணை விமானி விமானத்தைச் சவுத்தாம்ப்டனில் இறக்கினார், கேப்டன் பிழைத்துக்கொண்டார். அதற்கு முன் ஓர் இரவுப் பணியில் அந்தக் கண்ணாடியை மாற்றியவர் அனுபவசாலி. பழைய போல்ட்டைக் கையில் வைத்துக் கண்ணால் ஒப்பிட்டுப் புதியவற்றை எடுத்தார். 90 போல்ட்டுகளில் 84 மெலிந்தவை. அந்த வேலையை இன்னொருவர் பார்த்தாக வேண்டும் என்ற விதி அன்று இல்லை. பிரிட்டனில் வீட்டில் கட்டிய விமானத்திலும் கன்ட்ரோலைத் தொட்டால் இரண்டாவது ஆள் ஒருவர் தனியாகச் சோதித்துக் கையெழுத்திட வேண்டும். உன் நாட்டில் அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் வீட்டில் விமானம் கட்டுகிறவர்களுக்காக 1953-இல் தொடங்கிய ஈஏஏ அமைப்பில் தொழில்நுட்ப ஆலோசகர்கள் இருக்கிறார்கள். காசு வாங்காமல் கராஜுக்கே வந்து பார்ப்பார்கள். வந்தவர் பார்க்கும்போது நீ பக்கத்தில் நின்று விளக்கம் சொல்லாதே. சொன்னால் அவரும் உன் கண்ணாலேயே பார்ப்பார்.

என் வேலையை இன்னொருவர் சோதித்தபோது எனக்கும் இளவயதில் முகம் சுண்டியதுண்டு. சோதிப்பதை அவமானம் என்று எடுத்துக்கொண்டவர்கள் தொழிலில் நிலைக்கவில்லை. சோதித்தவர்களை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டவர்கள் நிலைத்தார்கள்.

இருக்கைத் தளப் பலகைகளை மூடுவதற்கு முன் ஆலோசகரை வரவழை. ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டிக்கைத் தள்ளட்டும், இன்னொருவர் வெளியே எலிவேட்டரைக் கையால் இறுக்கிப் பிடிக்கட்டும். எந்தத் தாங்கியாவது வளைகிறதா என்று நீ டார்ச் அடித்துப் பார். ஸ்டிக்கை இடப்பக்கம் சாய்த்தால் இடது ஏலரான் மேலே வருகிறதா என்று எழுந்துபோய்க் கண்ணால் பார். ஸ்டிக்கைக் கோடி முதல் கோடி வரை அசைத்தாலும் அதன் கைப்பிடிப் பொத்தானுக்குப் போகிற ஒயர் இழுபடாமல் இருக்கட்டும். எஞ்சினையும் புரொப்பல்லரையும் பொறுத்து முதல் 25 அல்லது 40 மணி நேரம் சோதனைப் பறப்புக்கு என்று உன் அனுமதிப் பத்திரத்தில் இருக்கும். அந்த மணி நேரம் முழுவதும் முடிகிற வரை உன் மனைவியையோ அம்மாவையோ பின்சீட்டில் ஏற்றாதே. அவர்கள் ஆசைப்பட்டுக் கேட்டாலும் சரி.

அன்புடன்,
தாத்தா