சட்டைப்பையிலிருந்து மணிக்கட்டுக்கு

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் லங்காஸ்டர் என்றொரு நகரம் இருக்கிறது. பிலடெல்பியாவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணம். ஊரைச் சுற்றிலும் சோள வயல்கள். கார்கள் ஓடும் சாலையிலேயே குதிரை வண்டிகளும் போகின்றன. சொந்தக் கார் வேண்டாம் என்று வாழும் ஆமிஷ் மக்களின் வண்டிகள் அவை. அந்தப் பக்கம் வேலை பார்க்கும் என் தங்கை மகன் அழைத்ததால் பள்ளி விடுமுறையில் போயிருந்தேன். வெளியூரார் பெரும்பாலும் குதிரை வண்டி பார்க்கத்தான் போகிறார்கள். எனக்கோ கடிகாரத்தின் மேல் கண்.

ஹாமில்டன் கடிகாரக் கம்பெனி 1892-இல் தோன்றியது இந்த லங்காஸ்டரில்தான். 1969-இல் அமெரிக்காவில் கடிகாரம் செய்வதை நிறுத்திவிட்டார்கள். பெயர் சுவிட்சர்லாந்துக்குப் போய்விட்டது. பழைய செங்கல் தொழிற்சாலை மட்டும் கோபுரங்களோடு நிற்கிறது. உள்ளே குடித்தனங்கள் இருக்கின்றன. அங்கிருந்து மேற்கே ஏறக்குறைய 16 கிலோமீட்டரில், சஸ்குவஹானா ஆற்றங்கரையில் கொலம்பியா என்ற சிற்றூர். 1977-இல் திறந்த தேசியக் கடிகாரக் காட்சிச்சாலை அங்கே இருக்கிறது. சட்டைப்பைக் கடிகாரங்களை வரிசை வரிசையாகக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள்.

அந்தக் காலத்து அமெரிக்க ரயில்களுக்குக் கடிகாரம்தான் உயிர். ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே வரும் வண்டிகளில் எது எங்கே ஒதுங்குவது என்பதை ஓட்டுநரின் சட்டைப்பைதான் தீர்மானித்தது. 1891 ஏப்ரலில் ஒஹையோ மாநிலத்துக் கிப்டன் என்ற ஊரில் இரண்டு ரயில்கள் மோதின. ஒருவருடைய கடிகாரம் 4 நிமிடம் நின்று, பிறகு தானாக ஓடியதே காரணம் என்று சொல்வார்கள். அதற்குப் பிறகு வெப் பால் என்ற கடிகார வணிகரின் முயற்சியால் விதிகள் கடுமையாயின. வாரத்துக்கு 30 நொடிக்கு மேல் பிசகக் கூடாது. குறைந்தது 17 மாணிக்கக் கற்கள் வேண்டும். ஐந்து நிலைகளில் வைத்துச் சோதிக்க வேண்டும்: முகம் மேலே, முகம் கீழே, பிறகு செங்குத்தாக மூன்று விதம். நம் தோட்டங்களில் ஒரு காலத்தில் பெரட்டு மணி அடித்த கிராணியின் கடிகாரத்துக்கு இந்தச் சோதனையெல்லாம் கிடையாது. ஆனாலும் அதை மறுத்துப் பேச ஆளில்லை!

இந்த ஐந்து நிலைச் சோதனைதான் இன்றைக்குக் கைகொடுக்கிறது. சட்டைப்பையில் கடிகாரம் பெரும்பாலும் நின்றபடி இருக்கும். மணிக்கட்டிலோ பக்கத்துக்குப் பக்கம் புரளும். எப்படிப் புரண்டாலும் நேரம் தவறாதபடி அன்றே செய்து வைத்துவிட்டார்கள்.

சரி, நன்றாக இருக்கும் கடிகாரத்தை எதற்காகக் கைக்கடிகாரமாக மாற்ற வேண்டும்? காரணம் தங்கம். விலை ஏறும்போதெல்லாம் பழைய கடிகாரங்களின் தங்கக் கூட்டையும் வெள்ளிக் கூட்டையும் உருக்க எடுத்துக்கொண்டு, உள்ளியந்திரத்தை வீசியெறியும் விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். வீடிழந்த இந்த இயந்திரங்களைச் சிலர் வாங்கிப் புதிய எஃகுக் கூட்டில் குடியேற்றுகிறார்கள்.

லங்காஸ்டர் அருகே, வீட்டின் பின்னறையில் இந்த வேலையைச் செய்யும் ஒரு பெரியவரிடம் தங்கை மகன் என்னை அழைத்துப் போனான். மேசையில் ஒரு ரயில்வே கடிகாரத்தின் உள்ளியந்திரம் பிரித்துக் கிடந்தது. ஒவ்வொரு திருகாணியும் தனித்தனிக் கிண்ணத்தில். எல்லாவற்றையும் கழுவி, வில்லை மாற்றி, ஊசி முனையால் எண்ணெய் தொட்டு வைத்து, சில நாள் ஓடவிட்டுப் பார்த்த பிறகுதான் கூட்டைப் பற்றியே நினைப்பாராம். புதுக் கூட்டில் வார் மாட்ட நான்கு காதுகள், முன்னும் பின்னும் கண்ணாடி. மூடியில்லாத சட்டைப்பைக் கடிகாரத்தில் சாவி கொடுக்கும் திருகு 12-ஆம் எண்ணுக்கு மேல் இருக்கும். நமக்குப் பழக்கமான கைக்கடிகாரத்தில் அது 3-ஆம் எண்ணின் பக்கம். ஆகவே கையில் கட்டியதும் தலைமேல் கொண்டை வைத்ததுபோல் தெரிகிறது. இயந்திரத்தின் அகலமே 43 மில்லிமீட்டர். கூட்டோடு சேர்ந்தால் இன்னும் பெரிது.

"மாமா, ஆமையைக் கட்டிக்கிட்ட மாதிரி இருக்கு" என்று அவன் சிரித்தான். எனக்கு அழகாகத்தான் பட்டது.

ஆனால் மென்மையான பொருள். இவற்றின் சமநிலைச் சக்கரத்து அச்சுமுனை முடியைப் போல மெல்லியது. அதிர்ச்சி தாங்கும் அமைப்பு கிடையாது. கதவில் கை இடித்தால் முறியும். தண்ணீரும் ஆகாது. காரில் போய் வருகிறவருக்குப் பொருந்தலாம். பால்வெட்டுக்குப் போகிறவர் கட்டக்கூடாது.

இந்தத் தொழிலை நீதிமன்றமும் பார்த்திருக்கிறது. கொலராடோ மாநிலத்து வோர்டிக் என்ற சிறு கம்பெனி, பழைய ஹாமில்டன் இயந்திரங்களைக் கைக்கடிகாரமாக்கி 'தி லங்காஸ்டர்' என்று பெயரிட்டு விற்றது. முகத்தில் பழைய பெயர் அப்படியே இருந்ததால், அந்தப் பெயருக்கு உரிய கம்பெனி 2017-இல் வழக்குத் தொடர்ந்தது. பழையதைச் செப்பனிட்டது என்று வோர்டிக் ஒளிக்காமல் சொன்னதால், வாங்குகிறவர் ஏமாற இடமில்லை என்று 2020-இல் தீர்ப்பு வந்தது. 2021-இல் மேல்முறையீட்டிலும் அதுவே நிலைத்தது. நியாயமான தீர்ப்பு என்பேன்.

நான் அந்தப் பெரியவரிடம் போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மலாயா ரயில்வேயில் வேலை பார்த்த என் தாத்தா, ஈப்போவில் ஒரு சீனர் அடகுக் கடையில் வாங்கிய வெள்ளிச் சட்டைப்பைக் கடிகாரம் எங்கள் வீட்டில் இருக்கிறது. அதைக் கையில் கட்டும்படி செய்து கொடுத்தால் என் மகன் அணிவான் என்று எண்ணி எடுத்துப் போயிருந்தேன்.

அவர் பின்மூடியைத் திறந்து உருப்பெருக்கியால் வெகுநேரம் பார்த்தார். "கூடும் இயந்திரமும் ஒன்றாகவே இருந்திருக்கின்றன. கூடில்லாமல் வருவதைத்தான் நான் மாற்றுவேன். இதைப் பிரிக்கமாட்டேன்" என்றார். நான் விடவில்லை. "சட்டைப்பையில் கடிகாரம் வைக்கிறவர்கள் இப்போது யார்? இது அலமாரியிலேயே கிடந்துவிடுமே" என்றேன். பதில் சொல்லாமல் உருப்பெருக்கியை என்னிடம் நீட்டினார்.

மூடியின் உட்புறத்தில் மயிரிழைக் கீறல்களாகச் சில எழுத்துகளும் எண்களும் தெரிந்தன. பழுது பார்த்தவர்கள் ஒவ்வொரு முறையும் கீறி வைக்கும் அடையாளமாம். மூன்று கைகள். கடைசிக் கீறல் ஒரு சீன எழுத்து.

கூலி வாங்கிக்கொண்டு சுத்தம் மட்டும் செய்து கொடுத்தார். நான்காவது கீறல் அவருடையது.