ஏழாவது ஃப்ரெட்டுக்கு மேலே

கிடார்காரர் எப்படி வாசிப்பார் என்று அறிய அவர் வாசிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். ஃப்ரெட்டுகளைப் பார்த்தாலே தெரிந்துவிடும். சென்னையில் சாந்தோம் நெடுஞ்சாலையிலிருந்து கடற்கரைப் பக்கம் திரும்பும் ஒரு சந்தில், பாடகர் குழு ஒத்திகை நடக்கும் மாடி அறை. சுவரில் நாலைந்து கிடார்கள் தொங்குகின்றன. கொல்கத்தாவில் செய்த கிவ்சன் ஒன்று, ஹாப்னர் ஒன்று, மற்றவை பெயர் உதிர்ந்தவை. எல்லாவற்றிலும் முதல் மூன்று ஃப்ரெட்டுகளில் கம்பி அழுந்திப் பள்ளம் விழுந்திருக்கிறது. ஐந்தைத் தாண்டினால் தேய்மானமே இல்லை. ஏழுக்கு மேலே உப்புக்காற்றுக்குக் கொஞ்சம் பச்சை பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

மாஸ்டர் மடியில் இருந்த கிடாரில் தேய்மானம் பன்னிரண்டாவது ஃப்ரெட் வரை ஒரே சீராக இருந்தது.

அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. கோயிலில் வாசிக்க ஆரம்பித்தவர். எண்பதுகளில் சினிமா ரெக்கார்டிங்குகளுக்குப் போனார். கம்ப்யூட்டர் வந்து கால்ஷீட் குறைந்ததும் வீட்டில் பாடம் எடுக்கத் தொடங்கினார். சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் இங்கே, சம்பளம் கிடையாது. அன்றைக்கு எதிரே உட்கார்ந்திருந்தவள் பொறியியல் படிக்கும் பெண். கீபோர்டில் ஒரு பையன், பேஸ் கிடாரில் ஒரு வங்கி ஊழியர். பாடுகிறவர்கள் இன்னும் வந்து சேரவில்லை.

சி மேஜர் என்றால் சி, இ, ஜி. நம் கணக்கில் ச, க, ப. இந்த மூன்று சுரங்களைக் கிடாரில் எங்கெங்கே பிடிக்கலாம் என்று கேட்டேன். மாஸ்டர் பதில் சொல்லாமல் வாசித்தே காட்டினார். திறந்த கம்பிகளோடு பிடிக்கும் முதல் பாடத்து சி. மூன்றாவது ஃப்ரெட்டில் ஏ ஷேப்பில் இன்னொன்று. ஐந்தை ஒட்டி ஜி ஷேப், எட்டில் பார் போட்டு (ஒரே விரலால் எல்லாக் கம்பிகளையும் அழுத்தி) இ ஷேப், பத்தில் டி ஷேப். பன்னிரண்டில் பழைய சி ஷேப்பே திரும்பி வந்துவிடுகிறது. ஷேப்புகளின் பெயர்களைக் கோத்து இதற்கு ‘கேஜ்டு’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எந்தக் கிடார் பாடப்புத்தகத்திலும் இருக்கும். இதோடு நின்றால் ஐந்து இடத்தில் அதே சி-யை அடித்துக் காட்டும் வித்தைதான். எதை எப்போது எடுப்பது என்பதில்தான் வேலை இருக்கிறது.

அந்தப் பெண் ஒரு பாட்டின் பல்லவிக்கு சி, ஏ மைனர், எஃப், ஜி என்று முழுக் கார்டுகளாக ஸ்ட்ரம் செய்தாள். எஃப் வரும்போதெல்லாம் பார் போட விரல் திணறியது. (கிடாரை மூலையில் வைத்துவிட்டவர்களில் பாதிப் பேர் இந்த எஃப்-இல்தான் வைத்திருப்பார்கள் என்பது என் ஊகம்.) மாஸ்டர் அவளை மெல்லிய மூன்று கம்பிகளோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னார்.

மூன்றாம் கம்பியில் 5, இரண்டாம் கம்பியில் 5, முதல் கம்பியில் 3. இது சி. முதல் கம்பி விரலை மட்டும் 5-க்கு ஏற்றினால் ஏ மைனர். அடுத்து இரண்டாம் கம்பியை மட்டும் 6-க்கு ஏற்றினால் எஃப். பாரும் இல்லை, திணறலும் இல்லை. கடைசியில் மூன்று விரலும் சேர்ந்து 4, 3, 3 என்று இறங்கினால் ஜி. நான்கு கார்டும் மூன்றாவது ஃப்ரெட்டுக்கும் ஆறாவதற்கும் நடுவிலேயே முடிந்துவிட்டன. எஃப்-இலிருந்து ஜி-க்குப் போகும்போது பேஸ் ஒரு படி ஏறுகிறது. இவள் கை இறங்குகிறது. சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என்று நாலு குரலுக்கு எழுதுகிறவர்கள் காலங்காலமாகச் செய்துவரும் வேலை இது. எந்தக் குரலும் வீணாகத் தாவக் கூடாது. பேஸ் ஏறினால் மற்றவை இறங்குவது நல்லது.

“ஆனா மாஸ்டர், ஜி-ல அடியில பி இருக்கு. ரூட்டான ஜி மேல போயிடுச்சே?”

“அது அங்கிள் கைல இருக்கு பாப்பா. அவர் பேஸ்ல அடிச்சிட்டாரு, நீ எதுக்கு மறுபடி அடிக்கிற?”

பிறகு கீபோர்டுப் பையன் பக்கம் திரும்பினார். அவன் இரண்டு கையாலும் நடு சி-யைச் சுற்றியே வாசித்துக்கொண்டிருந்தான். கிடாரின் திறந்த கார்டுகளும் அதே இடத்தில்தான் ஒலிக்கின்றன. பந்தியில் ஆள் உட்கார்ந்திருக்கும் இலையிலேயே போய் உட்காருவது மாதிரி என்றார் மாஸ்டர். இருவரும் சரியாகத்தான் வாசித்தார்கள், ஆனால் கேட்டால் ஒரே இரைச்சல். அவள் மேலே ஏறி 9, 8, 8 என்று அதே சி-யைப் பிடித்ததும் கிடார் தனியாகக் காதில் விழுந்தது.

கீபோர்டில் எளிதாக விழும் அடுக்கு எல்லாம் கிடாரில் விழாது. சி மேஜர் செவன்த்தை இ, ஜி, பி, சி என்று நெருக்கி அடுக்கினால் பியானோவில் ஒரு கைக்குள் அடங்கிவிடும். கிடாரின் நாலு மெல்லிய கம்பிகளில் அதற்கு 14, 12, 12, 8 என்று விரல் வைக்க வேண்டும். ஏழு ஃப்ரெட் அகலத்துக்கு யார் கையும் விரியாது. அதனால் மேலிருந்து இரண்டாவது சுரத்தை ஒரு ஸ்தாயி கீழே இறக்கிவிடுகிறார்கள். ‘டிராப் டூ’ என்று கிடார்காரர்கள் சொல்வது இதைத்தான். சி, இ, ஜி, பி-யில் ஜி கீழே போனால் 5, 5, 5, 7. சுண்டுவிரல் ஒன்றை நீட்டினால் போதும். கையின் போதாமைக்காகச் செய்த ஏற்பாடு, கேட்க விசாலமாக இருக்கிறது. சுரத்தைக் குறைப்பதும் புதிதல்ல. கவுண்ட் பேஸியின் ஜாஸ் குழுவில் 1937 முதல் ஐம்பது வருஷம் வாசித்த ஃபிரெடி கிரீன், ஒரு கார்டுக்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று சுரத்துக்கு மேல் ஒலிக்க விடமாட்டார். அத்தனை பேர் ஊதும் அரங்கிலும் அவருடைய கிடார் கேட்டது.

இந்தச் சாந்தோம் பக்கத்துக்கு ஹார்மனி நேற்று வந்ததில்லை. இப்போதுள்ள சாந்தோம் பேராலயம் 1896-இல் எழுந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் முடிந்தபின் லத்தீன் போய்த் தமிழில் திருப்பலி வந்தது. கிடாருக்கும் உள்ளே இடம் கிடைத்தது. கொஞ்சம் வடக்கே, காமராஜர் சாலை வானொலி நிலையத்தில் மேல்நாட்டு இசைப் பிரிவைக் கவனித்துக்கொண்டவர் ஹாண்டல் மானுவேல். மேற்கே நடந்தால் மயிலாப்பூர். அங்கே சாய் லாட்ஜ் அறையில் தன்ராஜ் மாஸ்டர் பாடம் நடத்தினார். இளையராஜா அவரிடம்தான் மேல்நாட்டு இசை கற்றார். பிறகு லண்டன் ட்ரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிடார் தேர்வையும் எழுதினார். சினிமாப் பாட்டில் கிடார் வெறும் தாளமாக நில்லாமல் தனிக் குரலாக நடக்கத் தொடங்கியதில் அந்த அறைக்குப் பங்குண்டு என்றே நினைக்கிறேன்.

மாஸ்டரிடம் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. தமிழ்க் கிறிஸ்தவக் கீர்த்தனைகள் பல, தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் காலத்திலிருந்தே, கர்நாடக ராகங்களில் அமைந்தவை. அன்றைய பட்டியலில் மாயாமாளவகௌளையில் ஒரு பாட்டு இருந்தது. மயிலாப்பூரில் பிள்ளைகள் சரளி வரிசை தொடங்கும் அதே ராகம். சி-யை ஷட்ஜமாக வைத்தால் சி மேஜர் பொருந்தும், எஃப் மைனர் பொருந்தும். ஜி-யில்தான் சிக்கல். ஜி மேஜரில் ஜி, பி, டி இருக்கிறது. ராகத்தில் டி இல்லை, அரைச்சுரம் கீழே சுத்த ரிஷபம் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு ஜி அடித்தால், பாடுகிறவர் ரிஷபத்தில் நிற்கும்போது கிடார் அதன் மேல் உரசும்.

“டி-யை எடுத்துடு. ஜி, பி ரெண்டு போதும்.”

நாலாவது கம்பியில் 5, மூன்றாவதில் 4. அவள் இரண்டு விரலால் பிடித்தாள். கார்டு என்று சொல்லவே தயக்கமாக இருக்கும் அந்தச் சின்ன ஒலியின் மேல் ரிஷபம் சுத்தமாக நின்றது. கர்நாடக இசைக்குக் கார்டு போடுவதே தப்பு என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. முழுக் கார்டை அள்ளிக் கொட்டினால் அவர்கள் சொல்வது சரி. இப்படிப் போட்டால் அவர்களுக்கும் உறுத்தாது.

ரெக்கார்டிங் நாட்களைப் பற்றி மாஸ்டர் அதிகம் பேசவில்லை. மூன்று கிடார் உட்கார்ந்தால் ஒருவருக்குத் திறந்த கார்டு, ஒருவருக்கு நடுவில், ஒருவருக்குப் பத்தாவது ஃப்ரெட் பக்கம் என்று பிரித்துக்கொள்வார்களாம். “யார் எங்கன்னு கண்ணாலயே பேசிப்போம் சார்.” இப்போது ஒரே ஆள் வீட்டில் உட்கார்ந்து மூன்று டிராக்காக வாசித்து அனுப்புகிறார். கூலி ஒருவருக்குத்தான்.

ஏழு மணிக்குப் பாடகர்கள் வந்தார்கள். முதல் பாட்டிலேயே சோப்ரானோக்களுக்குச் சுருதி எட்டவில்லை. ஒரு முழுச்சுரம் இறக்கி பி ஃபிளாட்டில் வைக்கலாம் என்று முடிவாயிற்று. பையன் டிரான்ஸ்போஸ் பட்டனை இரண்டு தட்டுத் தட்டினான். பின்வரிசையில் இரண்டாவது கிடார் வைத்திருந்த பையன், கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கபோவை மூன்றில் மாட்டி ஜி ஷேப்பில் வாசிக்கலாமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். அந்தப் பெண் 3, 3, 1-இல் விரல் வைத்துத் தயாராக இருந்தாள்.

“மாஸ்டர், அவன் கபோ போட்டா மேல வருவான்ல? அப்போ நான் கீழ இருக்கவா?”

“கேட்டுட்டு முடிவு பண்ணு” என்று மாஸ்டர் கிடாரைக் கீழே வைத்துவிட்டு மின்விசிறியைக் குறைக்கப் போனார்.