வாவிக்கரைப் புல்லில் ஒரு ஓர்க்கிட்

மாரி ஓய்ந்து தை பிறந்தால் இலங்கையின் கிரானில் வாவியோரத்து மேய்ச்சல் தரை மெல்ல வெளியே வரும். கால் வைத்த இடமெல்லாம் நீர் கசியும். அந்த ஈரத்தில்தான், பழுப்போடிய இலைகளுடன், விரலளவு உயரத்தில் ஒரு சின்னச் செடி நிற்கிறது. இலைக்குக் காம்பு கிடையாது. தண்டைச் சுற்றிப் பிடித்திருக்கும். நின்றபடி பார்த்தால் புல்தான்.

குந்தியிருந்து பார்க்கவேண்டும். உச்சியில் அரிசிமணி அளவில் வெள்ளைப் பூக்கள் நெருக்கமாக இருக்கும். மேலிதழ்கள் ஒட்டிக் கவிந்திருக்க, கீழே ஓரிதழ் மட்டும் மஞ்சள். அந்த ஓரிதழ் தனியே உருமாறி, ஆண் பெண் உறுப்புகள் ஒரே தூணாக இணைந்திருந்தால் அது ஓர்க்கிட். புல்லிலையும் மஞ்சள் கீழிதழும் சேர்ந்துவிட்டால் சூக்சினே ஸ்ட்ராட்டியூமாட்டிகா என்று துணிந்து சொல்லலாம்.

"என்ன மனே, ஏதும் விழுந்திட்டா?" என்றார் மாடு சாய்த்து வந்தவர்.

"இல்ல மாமா, பூப் பாக்கிறன்."

"இதுவா? மழை விட்டா மாடு மிதிக்கிற இடமெல்லாம் வருமே!"

மாடு மிதிக்கும் இந்தப் பூவுக்கு உலகப் பெயர் கிடைத்ததே இலங்கைச் செடியை வைத்துத்தான். டச்சுக் கம்பனியின் வைத்தியராக 1672இல் இங்கே வந்த பவுல் ஹெர்மன், 1677 வரை செடிகளைப் பறித்து உலர்த்தி ஏடுகளில் ஒட்டிவைத்தார். 1695இல் அவர் இறந்தார். ஏடுகள் கைமாறிக் கைமாறி, கொப்பன்ஹேகனில் ஒரு மருந்தாளரிடம் கிடந்து, தாவரங்களுக்குப் பெயர் வகுத்த லின்னேயஸின் மேசைக்குப் போயின. அவற்றைக் கொண்டே அவர் 1747இல் இலங்கைத் தாவரங்கள் பற்றிய 'ஃப்ளோரா சீலானிக்கா'வை எழுதினார். 1753இல் இந்தச் செடிக்கும் பெயரிட்டார். ஏடுகள் இப்போது லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இத்தனை சிறிய செடிக்காக ஹெர்மன் எந்த ஈரத்தரையில் குந்தியிருந்தாரோ என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்மேல் பிரியம் பெருகுகிறது.

இதன் விதையோ தூசி. உள்ளே சேமித்த உணவு இல்லை; மண்ணிலுள்ள பூஞ்சை ஊட்டினால்தான் முளைக்கும். அப்படியிருந்தும் 1936இல் அமெரிக்காவின் புளோரிடாவில் தலைகாட்டி, வீட்டுப் புல்தரைகளில் பரவிவிட்டது. கேட்பது ஈரமும் கட்டைப் புல்லும்தான். கிரானில் அந்தப் புல்லைக் கட்டையாக வைத்திருப்பவை மாமாவின் மாடுகள். கிரவல் கொட்டி மேடாக்கிய காணியில் மாடும் மேயாது, இந்தப் பூவும் வராது.