எழுதியது ஒன்று, ஓடுவது ஒன்று

ஜெர்சி சிட்டியில் குடியிருந்த காலத்தில் பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோயிலுக்கு ஐ-78 பிடித்துத்தான் போவோம். பாதி வழியில், வலப்பக்கம் மரங்களுக்கு அப்பால் மர்ரே ஹில். பெல் லேப்ஸ் இருக்கிற ஊர். காரில் இருப்பவர்களுக்குக் கோயில் கேன்டீன் தோசை நினைவில் ஓடும். எனக்கு அங்கே வேலை பார்த்த ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன். 1976இல் ஒருநாள் அவருடைய அறைக்குள் ஸ்டீவ் ஜான்சன் திட்டிக்கொண்டே நுழைந்தாராம். யாக் என்ற நிரலை எழுதிய அதே ஜான்சன். காலை முழுக்க ஒரு பிழையைத் துரத்தியிருக்கிறார். பிழையோ எப்போதோ திருத்தியாகிவிட்டது. திருத்திய கோப்பை மறுபடி கம்பைல் செய்யாததால் பழைய சரக்கே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அந்த எரிச்சலைக் கேட்ட ஃபெல்ட்மன் ஒரு வார இறுதியில் எழுதத் தொடங்கியதுதான் மேக். எந்தக் கோப்பு மாறியிருக்கிறது, அதை நம்பி எவையெல்லாம் இருக்கின்றன என்று பார்த்து, வேண்டியதை மட்டும் புதிதாகக் கட்டித் தரும்.

மேக் படிக்கிற மேக்ஃபைலில் கட்டளை வரியை டேப் அடித்துத்தான் தொடங்க வேண்டும் என்ற கொடுமையும் அப்போதே வந்து சேர்ந்தது. மாற்றலாம் என்று அவர் நினைப்பதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் பயன்படுத்த ஆரம்பித்துவிட்டார்கள். அவர்களை ஏன் சிரமப்படுத்துவது என்று விட்டுவிட்டார். அந்தப் பன்னிரண்டு பேர் மனம் கோணாமல் இருக்க உலகமே ஐம்பது வருஷமாக டேப் அடிக்கிறது.

யார், எப்போது, எதை மாற்றினார் என்று கோப்பின் வரலாற்றைச் சேர்த்து வைக்கும் எஸ்சிசிஎஸ்ஸும் பெல் லேப்ஸ் பிள்ளைதான். 1972, மார்க் ராக்கைண்ட். பெல் லேப்ஸை இப்போது வைத்திருக்கும் நோக்கியா, மர்ரே ஹில் வளாகத்தை விட்டு நியூ பிரன்ஸ்விக்குக்குப் போகப்போவதாக 2023இல் அறிவித்தது.

ஜான்சனுக்கு வீணானது ஒரு காலைப்பொழுது. எங்களுக்கு, வங்கிக்காரர்களின் சர்வர்களில் புதிய நிரலைப் போடும் ரிலீஸ் இரவுகள். வெள்ளிக்கிழமை ராத்திரி ஹட்சன் ஆற்றங்கரையில் நாங்கள் ஏழெட்டுப் பேர் தயிர்சாத டப்பாவோடு உட்கார்ந்திருப்போம். போனில் சோழிங்கநல்லூர், அங்கே சனிக்கிழமை காலை. கல்யாண வீட்டுச் சீர்வரிசைப் பட்டியல் மாதிரி ஒரு எக்செல் ஷீட் இருக்கும். ஒவ்வொரு வரியாக ஒருவர் வாசிக்க, ஒருவர் செய்ய, இன்னொருவர் பச்சை நிறம் அடிப்பார்.

“எல்லா சர்வர்லயும் போட்டாச்சா?”

“போட்டாச்சு சார்.”

அந்தப் ‘போட்டாச்சு’தான் ஆதாரம். அதற்குமேல் யாரும் எதையும் கேட்டதில்லை. இன்னொருவர் தனியாக உள்ளே போய்ப் பார்ப்பது நம்பிக்கைக் குறைவாகத் தெரியும் என்றுகூட நாங்கள் நினைத்திருக்கலாம். நம் ஆட்களுக்கு அந்தக் கூச்சம் கொஞ்சம் அதிகம்.

வார நாளில் வங்கிக்காரர்களின் சர்வர் என்றால், வார இறுதியில் தமிழ்ப் பள்ளியின் வெப்சைட். ஞாயிறு மதியம் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தை வாடகைக்கு எடுத்து நடக்கும் வகுப்பு. ஓக் ட்ரீ ரோட்டில் மளிகை வாங்குகிற பாதிப் பேரின் பிள்ளைகள் அங்கே படித்தார்கள். அட்டவணை, விடுமுறை, ஆண்டு விழா நுழைவுச்சீட்டு எல்லாம் தளத்தில் வரும். அது யூனிகோட் பரவாத காலம். டிஸ்கி எழுத்துருவில் பக்கம். பார்ப்பவர் கம்ப்யூட்டரில் எழுத்துரு இல்லாவிட்டாலும் தெரிவதற்காக எழுத்துருக் கோப்பையும் கூடவே ஏற்றி வைப்பார்கள். எஃப்டிபியில் ஏற்றும்போது இரண்டு முறைகள் உண்டு, ஆஸ்கி, பைனரி. எழுத்துருவை ஆஸ்கி முறையில் ஏற்றிவிட்டால் வரிமுடிவு என்று நினைத்து அதன் பைட்டுகளை மாற்றிவிடும். கோப்பு இருக்கும், அளவும் கிட்டத்தட்ட சரியாக இருக்கும், எழுத்துரு மட்டும் செத்துப் போயிருக்கும். பள்ளியின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஐரோப்பிய எழுத்துகள் தலையில் புள்ளியும் கொம்புமாக வரிசை கட்டி நிற்கும். அன்று மாலை தொலைபேசி ஓயாது.

எழுதியது சரி. ஓடுவது வேறு. மர்ரே ஹில் சமாசாரம்தான் இதுவும்.

எங்கள் கூட்டத்தில் ஒரு நண்பன், மதுரைக்காரன், எதையும் இரண்டாம் தடவை கையால் செய்யமாட்டான். அவனுக்கென்றே வந்தது போல வந்தது கிட், எஸ்சிசிஎஸ் மாதிரியே கோப்பின் வரலாற்றை வைக்கும் நிரல். 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸ் ஆட்கள் அந்த வேலைக்குப் பயன்படுத்திவந்த பிட்கீப்பரின் இலவச உரிமம் பறிபோனதும், சில நாளில் அதை எழுதி முடித்தார். அந்த ஜூலையிலேயே ஜூனியோ ஹமானோவிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டார். நம்மவன் கிட்டைக் கொஞ்ச காலம் கழித்துக் கண்டுபிடித்து, பள்ளித் தளத்தைத் தூக்கி உள்ளே போட்டான். போஸ்ட்-ரிசீவ் என்ற ஒரு ஹூக்கையும், அதாவது ஏதாவது நடந்ததும் தானாக ஓடும் ஸ்கிரிப்டையும், எழுதினான். ஹூக் என்பது கிட்டோடு பிறந்ததல்ல. சிவிஎஸ்ஸில் உண்டு, சப்வெர்ஷனில் உண்டு. ஆனால் கிட்டில்தான் அது எங்கள் மாதிரிச் சின்ன ஆட்களுக்குக் கைவந்தது.

சர்வரில் வரலாறு மட்டும் இருக்கிற ஒரு ரெப்போ. அதற்குள் ‘ஹூக்ஸ்’ என்று ஒரு ஃபோல்டர். அதில் போஸ்ட்-ரிசீவ் என்ற பெயரில், ஓடும் அனுமதி கொடுத்து, ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் வைத்தால் போதும். யாராவது புஷ் செய்ததும், அதாவது தங்கள் மாற்றங்களை அங்கே அனுப்பியதும், கிட் அதை எழுப்பி, மாறிய கிளை ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி படிக்கக் கொடுக்கும். பழைய கமிட்டின் எண், புதிய கமிட்டின் எண், கிளையின் பெயர். ஸ்கிரிப்ட் கிளை பெயரைப் பார்க்கும். முதன்மைக் கிளையான மாஸ்டர் என்றால் புதிய கோப்புகளைத் தளத்தின் ஃபோல்டரில் விரித்து வைக்கும். அவ்வளவுதான் வேலை. அது அச்சிடுவதெல்லாம் ‘ரிமோட்’ என்ற முன்னொட்டோடு புஷ் செய்தவர் திரைக்கே திரும்பி வரும். வருவதைத் தடுக்க வேண்டுமென்றால் ப்ரி-ரிசீவ் வேண்டும். போஸ்ட்-ரிசீவ் எழும்போது சரக்கு வந்து இறங்கியாகிவிட்டது.

இதையே ஒரு கம்பெனியாகக் கட்டலாம் என்று சான் பிரான்சிஸ்கோவில் சிலருக்குத் தோன்றியது. ஹெரோக்கு, 2007. சன்னிவேலில் என் சித்தி பையன் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினான். ‘கிட் புஷ் ஹெரோக்கு மாஸ்டர்’ என்று அடித்தான். உள்ளே ஏதேதோ கட்டப்பட்டு, தளம் மேலே வந்துவிட்டது. “சர்வர் எங்கடா இருக்கு?” என்றேன். “அது எதுக்குண்ணா நமக்கு?” என்றான். சேல்ஸ்ஃபோர்ஸ் 2010இல் ஹெரோக்குவை 212 மில்லியன் டாலருக்கு வாங்கியபோது அவன் பதில் சரிதான் என்று பட்டது. ஜெர்சியில் அப்போதும் நாங்கள் எக்செல்லில் பச்சை அடித்துக்கொண்டிருந்தோம்.

2012 ஆகஸ்ட் 1, புதன்கிழமை. ஜெர்சி சிட்டி வாஷிங்டன் புலிவார்டில் நைட் கேபிடல். அமெரிக்கப் பங்குச் சந்தையின் பெரிய தரகு நிறுவனங்களில் ஒன்று. நியூயார்க் பங்குச் சந்தை அன்று தொடங்கவிருந்த ஒரு புதுத் திட்டத்துக்காக, ஜூலை 27 முதல் கொஞ்சம் கொஞ்சமாகப் புதிய நிரலை எட்டு சர்வர்களில் போட்டு வந்தார்கள். ஏழில் போட்டார்கள். எட்டாவதில் போடவில்லை. அந்த எட்டாவதில் பவர் பெக் என்று ஒரு பழைய நிரல். 2003க்குப் பிறகு பயன்படுத்தவில்லை, ஆனால் யாரும் அதை எடுத்தெறியவும் இல்லை. அதை எழுப்புகிற அதே அடையாளக் கொடியைத்தான் (ஃப்ளாக்) புதுத் திட்டத்துக்கும் கொடுத்திருந்தார்கள். ஒன்பதரைக்குச் சந்தை திறந்தது. பவர் பெக் விழித்துக்கொண்டது.

212 வாடிக்கையாளர் ஆர்டர்கள். நாற்பத்தைந்து நிமிஷத்தில் நாற்பது லட்சம் வணிகங்கள், 154 நிறுவனப் பங்குகள், 39.7 கோடிப் பங்குகளுக்கு மேல். நஷ்டம் 46 கோடி டாலரைத் தாண்டியது. அன்று மதியம் நியூபோர்ட் பாத் ரயில் ஸ்டேஷனில் எல்லோர் வாயிலும் அதே பேச்சு. அந்தத் தெருவில் நம் ஆட்கள் எத்தனை பேர்!

அடுத்த ஆண்டு அக்டோபரில் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம், அதாவது எஸ்ஈசி, வெளியிட்ட உத்தரவைப் படித்தபோதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. என்ன நடக்கிறதென்று புரியாமல், நடுவில் அவர்கள் புதிய நிரலைத் திரும்ப எடுத்திருக்கிறார்கள். எதிலிருந்து? சரியாக இருந்த ஏழு சர்வர்களிலிருந்து! ஏழும் பழைய நிரலுக்குப் போய், எட்டாவது செய்த அதே கூத்தை ஆடத் தொடங்கின. எட்டு மெஷினில் எதில் எது இருக்கிறது என்று யாருக்கும் தெரியாத நிலையில் ரோல்பேக் என்பது இருட்டில் கல் எறிவது. சந்தை திறக்குமுன்பே ‘பவர் பெக்’ என்ற பெயரோடு 97 மெயில்கள் தானாகப் போயிருக்கின்றன. எச்சரிக்கை என்று யாரும் அவற்றைப் படிக்கவில்லை. அபராதம் 12 மில்லியன் டாலர். கம்பெனி அதற்குள் கெட்கோ என்ற இன்னொரு நிறுவனத்தோடு இணைந்துவிட்டது.

ஒரு ஹூக் இருந்திருந்தால் தப்பித்திருப்பார்களா என்று கேட்பவர்கள் உண்டு. பாதி தப்பித்திருக்கலாம். எட்டு மெஷினுக்கும் ஒரே லூப் போகும். எட்டாவது தோற்றால் ஸ்கிரிப்ட் கத்தும், கத்தச் சொல்லி எழுதியிருந்தால். செத்த நிரலை எந்த ஹூக்கும் எடுத்துப் போடாது. கொடுத்ததைக் கொண்டுபோய்ச் சேர்க்கும், அவ்வளவே.

மதுரைக்காரன் பிறகு டெக்சாஸ் போய்விட்டான். ஃபிரிஸ்கோவில் வீடு, பெரிய பின்கட்டு, வருமான வரி மாநிலத்துக்குக் கிடையாது என்று வாய் ஓயாமல் சொல்வான். டெக்சாஸ் என்றால் எனக்கு வேறு ஞாபகம்: 2008 மே 31, ஹூஸ்டனில் தி பிளானெட் என்ற நிறுவனத்தின் டேட்டா சென்டரில் மின்சார அறையில் வெடிப்பு. மூன்று சுவர் பெயர்ந்தது. ஏறக்குறைய 9,000 சர்வர்கள் நின்றன. ஜெனரேட்டரைப் போடக்கூடாது என்று தீயணைப்புத் துறை சொல்லிவிட்டது. தளம் எங்கோ ஒரு கட்டடத்தில், ஒரு கம்பியின் முனையில் இருக்கிறது என்று சித்தி பையனுக்கு அப்போது போன் செய்து சொன்னேன்.

நண்பன் போனபிறகு பள்ளித் தளத்தை வேறு சர்வருக்கு மாற்ற வேண்டிவந்தது. ரெப்போவை க்ளோன் செய்தால் வரலாறு முழுக்க வரும், ஹூக் வராது. பாதுகாப்புக்காக அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். ஊரார் எழுதிய ஸ்கிரிப்ட் நம் மெஷினில் தானாக ஓடிவிடக்கூடாதல்லவா? நியாயம்தான். ஆனால் பழைய சர்வரின் ஒரு மூலையைத் தவிர வேறெங்கும் அந்த ஸ்கிரிப்ட் இல்லை. அங்கிருந்து தேடி எடுத்துப் புதிய சர்வரில் வைத்தோம்.

இப்போது தளத்தைப் பார்த்துக்கொள்வது பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன். புஷ் செய்தால் வெற்றி என்கிறது, தளம் மாறவில்லை என்று வந்தான். அவன் புதிதாகத் தொடங்கிய ரெப்போ. 2020க்குப் பிறகு, ரெப்போக்களை வைக்கும் தளமான கிட்ஹப்பில் புது ரெப்போவின் முதன்மைக் கிளைக்குப் பெயர் ‘மெயின்’. ஹூக் இன்னமும் ‘மாஸ்டர்’ வருமென்று காத்திருந்தது. அவனே கண்டுபிடித்து, மெயினுக்கு ஒரு வரி சேர்த்து, ஸ்கிரிப்டை ரெப்போவுக்குள்ளேயே ஒரு ஃபோல்டரில் வைத்தான். பழைய வரியையும் விட்டுவைத்திருந்தான்.

“அதைத் தூக்கிடு.”

“இருந்தா என்ன அங்கிள்? ஒண்ணும் பண்ணாதே.”

பவர் பெக் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, “அந்த எட்டாவது சர்வரை விட்டது யாரு?” என்றான். ஒரு டெக்னீஷியன் என்றுதான் உத்தரவில் இருக்கிறது. இரண்டாவது ஆள் பார்க்க வேண்டும் என்ற எழுத்துப்பூர்வமான நடைமுறையே அங்கே இருக்கவில்லை என்றேன். அவன் பழைய வரியை அழித்தான்.

“அப்ப இதை யார் பாக்கறது?”

ஃபிரிஸ்கோவுக்கு அனுப்பினோம். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது: ‘மூணாவது வரில அடைப்புக்குறிக்குப் பக்கத்துல ஸ்பேஸ் விட்டுப்போச்சு. ஓடாது. தம்பி யாரு, நல்லா எழுதறான்.’