ஆடிக்கு முன்பும் பின்பும்: பங்காருபாளையத்துக் கொல்லைக் காய்களின் பூர்வீகம்

சித்தூரிலிருந்து பலமநேருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், சாலை மலையேறத் தொடங்குவதற்கு முன் அமைந்துள்ள பங்காருபாளையம் வெளியுலகுக்கு அதன் மாங்காய் மண்டியால் அறிமுகமான ஊராகும். ஆனி, ஆடி மாதங்களில் கூழ் ஆலைகளுக்குச் செல்லும் தோத்தாபுரி மாங்காய் வண்டிகள் அங்கு வரிசை கட்டி நிற்கும் காலமும், வீட்டுக் கொல்லைகளில் காய்கறிச் செடிகள் ஆண்டின் கடுமையான சோதனைக்கு உள்ளாகும் காலமும் ஒன்றே. மேற்கிலிருந்து வீசும் வறண்ட காற்று இலைகளைச் சுருட்டுவதும், மாலையில் இடியுடன் இறங்கும் மழை அரைமணி நேரத்தில் பாத்திகளைக் கரைத்துவிட்டுப் போவதும், மறுநாள் மீண்டும் வெயில் எரிப்பதுமாகச் செல்லும் இந்த வாரங்களில் சில செடிகள் தழைக்கின்றன, சில பூவை உதிர்த்துவிட்டு வெறுமனே நிற்கின்றன. பக்கத்துப் பக்கத்துக் குழிகளில், ஒரே எருவும் ஒரே நீரும் பெற்று வளரும் செடிகளிடையே இவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது என்னும் கேள்வியே இத்தேடலின் தொடக்கம். 'நாட்டுக்காய்' என்று ஊரார் ஒரே பெயரில் அடக்கும் இச்செடிகளின் பூர்வீகத்தை ஒவ்வொன்றாக ஆராய்ந்தால், அவை ஒரே நாட்டைச் சேர்ந்தவை அல்ல என்பது விரைவிலேயே தெளிவாகிறது.

பயிர்களின் பிறப்பிடத்தை முறையாகத் தேடும் வழக்கத்தை நிலைநாட்டியவர்களுள் முதன்மையானவர் சுவிட்சர்லாந்தின் தாவரவியலாளர் அல்போன்ஸ் டி கந்தோல் ஆவார். அவர் 1882இல் வெளியிட்ட நூலில், ஒரு பயிரின் காட்டு உறவினம் எங்கு வளர்கிறது, அகழாய்வில் அதன் எச்சம் எங்குக் கிடைக்கிறது, பழைய நூல்களும் மொழிகளும் அதைப்பற்றி என்ன சொல்கின்றன என்னும் சான்றுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு முடிவுக்கு வந்தார். பின்னர் ருஷ்ய அறிவியலாளர் நிகொலாய் வவிலோவ், ஒரு பயிர் எப்பகுதியில் மிகுதியான வகைகளாகப் பெருகி நிற்கிறதோ அப்பகுதியே அதன் தொட்டிலாக இருக்கக்கூடும் என்ற கருத்தை 1926இல் முன்வைத்து, அத்தகைய தொட்டில்களுள் ஒன்றாக இந்தியாவையும் குறித்தார். வகைப்பெருக்கம் பிறப்பிடத்தை எப்போதும் காட்டுவதில்லை என்று பிற்கால ஆய்வுகள் திருத்தியிருந்தாலும், அவர் வரைந்த வரைபடத்தின் அடிக்கோடுகள் இன்றும் அழியவில்லை.

அந்த வரைபடத்தில் இந்திய மண்ணுக்கு உரியதாக நிற்கும் கொல்லைச் செடிகளுள் தலையாயது கத்தரி. அதன் காட்டு உறவினமான, முள் அடர்ந்த சோலானம் இன்சானம் என்னும் செடி தென்னிந்தியச் சாலையோரங்களிலும் தரிசுகளிலும் இன்றும் தானாகவே முளைக்கிறது. பயிர்க்கத்தரியோடு இயல்பாக இனக்கலப்பும் செய்துகொள்கிறது. மரபணு மாற்றப்பட்ட பி.டி. கத்தரியின் வணிகச் சாகுபடியை நடுவண் அரசு 2010 பிப்ரவரியில் நிறுத்திவைத்தபோது, கத்தரியின் பிறப்பிடமும் வகைவளமும் இந்நாட்டில் இருப்பது முன்வைக்கப்பட்ட காரணங்களுள் ஒன்றாக இருந்தது. பீர்க்கும் புடலையும் இப்பகுதியைச் சேர்ந்தவையே. இம்மூன்றும் கோடை முடிவின் வெப்பத்தைத் தாங்குவது வியப்பன்று, அவற்றின் மூதாதையர் இதே வெயிலில் வாழ்ந்தவர்கள்.

ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவற்றின் பட்டியல்தான் எதிர்பாராதது. சுரை, காராமணி, அவரை, ஆந்திர உணவின் அடையாளமாகவே கருதப்படும் கோங்குரா என்னும் புளிச்சகீரை ஆகிய நான்கின் காட்டு மூதாதையரும் ஆப்பிரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தவர்கள். பல்லாரி, கர்நூல் பகுதிகளில் சாம்பல் மேடுகளை விட்டுச்சென்ற தென்னிந்தியப் புதிய கற்கால மக்கள், அதாவது உலோகப் பயன்பாட்டுக்கு முன் கால்நடை வளர்ப்பும் வேளாண்மையும் மேற்கொண்ட சமூகத்தார், முதலில் பயிரிட்டவை பாசிப்பயறு, கொள்ளு, சிறுதானியங்கள் ஆகிய உள்நாட்டுப் பயிர்களே என்று டோரியன் ஃபுல்லர் முதலிய தொல்தாவரவியலாளர்கள், அதாவது அகழாய்வில் கிடைக்கும் கருகிய விதைகளை ஆராய்வோர், காட்டியுள்ளனர். கி.மு. 2000க்குப் பிந்தைய காலத்தில்தான் அவரை, கம்பு போன்ற ஆப்பிரிக்கப் பயிர்கள் அங்குத் தென்படத் தொடங்குகின்றன. எனவே பங்காருபாளையத்துப் பந்தலில் படரும் அவரை, வந்தேறியாக இருப்பினும், மூவாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட குடியுரிமை உடையது. இவ்வளவு நீண்ட காலத்துக்குப் பிறகும் ஒன்றை அயல்பயிர் என்று அழைப்பது பொருளற்ற பிடிவாதமாகவே முடியும்.

இவ்விடத்தில் தேடல் செடிகளிலிருந்து தோட்டத்தின் பூர்வீகத்துக்குத் திரும்ப வேண்டியுள்ளது. அமெரிக்கத் தாவரவியலாளர் எட்கர் ஆண்டர்சன் 1952இல் வெளியிட்ட நூலில், மனிதனின் முதல் தோட்டம் திட்டமிட்டு உருவாக்கப்பட்டதன்று, குடியிருப்பை அடுத்த குப்பைமேட்டில் எறியப்பட்ட விதைகள், அங்குச் சேர்ந்த சாம்பலும் சாணமும் கழிவுநீரும் தந்த ஊட்டத்தால் தாமே முளைத்துப் பலன் கொடுத்ததிலிருந்து பிறந்தது என்னும் கருத்தை விளக்கினார். இக்கருத்துக்குத் தமிழிலேயே ஓர் எதிரொலி கிடைக்கிறது. பாரியின் மறைவுக்குப் பின் அவன் மகளிர் வாழ்ந்த எளிய இருப்பிடத்தைக் கபிலர் காட்டும் புறநானூற்றுப் பாடலில், பீர்க்கு கமழச் சுரைக்கொடி படர்ந்த வீட்டோரமும், அதையடுத்து அம்மகளிர் ஏறி நின்று உப்பு வணிகரின் வண்டிகளை எண்ணும் ஈச்ச இலைக் குப்பைமேடும் ஒரே காட்சியில் இடம்பெறுகின்றன. இந்தியாவின் பீர்க்கும் ஆப்பிரிக்காவின் சுரையும் குப்பைமேட்டுக்கு அருகே பின்னிக் கிடக்கும் அக்காட்சி, வீட்டுத்தோட்டத்தின் வரலாற்றை ஆராய்வோருக்கு ஓர் அகழாய்வுக் குழிக்கு இணையான சான்றாகும். பாத்திரம் கழுவிய நீர் விழும் இடத்தில் சுரைவிதை ஊன்றும் பழக்கம் சித்தூர்ப் பக்கத்து வீடுகளிலும் தமிழகத்து வீடுகளிலும் மறையாமலிருப்பதும் இத்தொடர்ச்சியையே காட்டுகிறது.

வெண்டையின் நிலை வேறு. அதன் தாயகம் எத்தியோப்பியா என்று ஒரு சாராரும் இந்தியா என்று மற்றொரு சாராரும் வாதிடுகின்றனர். 130 குரோமோசோம்கள் கொண்ட பயிர்வெண்டை இரு வேறு இனங்கள் கலந்து உருவானது என்பதும், அவற்றுள் ஒன்று வட இந்தியாவில் காடாக வளரும் 58 குரோமோசோம் இனமாக இருக்கலாம் என்பதும் இந்தியத் தரப்பின் வலுவான வாதம். எங்குப் பிறந்திருப்பினும் வெண்டைக்கு வெயில் பகையன்று. வெயிலோடு பெருகும் வெள்ளை ஈயே பகை. இலை நரம்புகளை மஞ்சளாக்கும் தேமல் நோயின் நச்சுயிரியை ஒரு செடியிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுசெல்வது அந்தச் சிறு பூச்சிதான்.

எஞ்சியவை அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை: மிளகாய், பரங்கி, தக்காளி, வேலியோரத்தில் யாரும் நடாமலே நிற்பதால் நாட்டுச்செடி என்று எல்லோரும் நம்பும் சுண்டை. மிளகாய் போர்ச்சுகீசியர் வருகைக்குப் பின் விரைவாகப் பரவியது. தக்காளியோ தயங்கித் தயங்கி வந்தது. 1889 முதல் 1893 வரை வெளிவந்த ஜார்ஜ் வாட்டின் இந்திய விளைபொருள் அகராதி, அது பெரும்பாலும் ஐரோப்பியரின் தேவைக்காகவே பயிரிடப்பட்டதாகக் குறிக்கிறது. புளிக்குழம்புக்குப் பழகிய தென்னிந்தியச் சமையலுக்கு அதன் தேவை அப்போது எழவில்லை. அவ்வாறு பிந்தி வந்த பயிரே இன்று பலமநேரையும் மதனப்பள்ளியையும் நாடறிந்த சந்தைகளாக்கியுள்ளது.

கோடை முடிவு இச்செடிகளைப் பூர்வீகவாரியாகப் பிரித்துக் காட்டிவிடுகிறது என்பதைத் தக்காளியைக் கொண்டு விளக்கலாம். அதன் காட்டு உறவினங்கள் பெரு, ஈக்வடார் நாடுகளின் மேற்குப் பகுதியில், மழை குறைந்து இரவு குளிர்ந்திருக்கும் பள்ளத்தாக்குகளில் வளர்பவை. அதைப் பெரிய பழமாக வளர்த்தெடுத்த பணி மெக்சிகோவில் நிறைவுற்றது. பகல் வெப்பம் 35 பாகையை நெருங்கி, இரவிலும் 24 பாகைக்குக் கீழே இறங்காத நாட்களில் அதன் மகரந்தம் வலுவிழக்கிறது, பூ காய்பிடிக்காமல் உதிர்கிறது. செடி பச்சைப்பசேலென்று இருக்கும், காய் இராது. பகல் வெயிலைக் குறைகூறும் பலர் கவனிக்கத் தவறுவது இரவின் புழுக்கத்தையே. கோடையில் நேரும் இவ்விழப்பும் அதையொட்டி நடவு குறைவதும் ஆடியில் சந்தையை வறளச் செய்கின்றன. 2023 ஜூலையில் மதனப்பள்ளியில் தக்காளி கிலோ 150 ரூபாயைக் கடந்ததற்கு வெப்பமும் ஒழுங்கற்ற மழையும் காரணங்களாகக் கூறப்பட்டன.

மழை வந்த பின்னும் தக்காளியின் துன்பம் ஓய்வதில்லை. நீண்ட வறட்சிக்குப் பின் ஒரே மாலையில் வேர் மிகுதியான நீரை உறிஞ்சும்போது, இறுகிய தோலுடைய பழம் உப்பி வெடிக்கிறது. நீர் ஒருநாள் மிகுந்தும் மறுநாள் குறைந்தும் கிடைக்கையில் சுண்ணாம்புச்சத்து காயின் நுனிவரை சென்று சேராததால் அடிப்பகுதி கறுத்து அழுகுகிறது. இதை நோய் என்று எண்ணி மருந்து தெளிப்பது வீண்செலவு. காய்ந்த இலை, வைக்கோல், கடலைத்தோல் ஆகியவற்றால் மண்ணை மூடும் மூடாக்கு முறை இவ்விரு தொல்லைகளையும் ஓரளவு தணிக்கிறது. மண்ணின் ஈரம் சீராக இருப்பதும், மழைத்துளி மண்ணை இலைமேல் தெறிக்கவிடாமல் தடுக்கப்படுவதும் அதற்குக் காரணம்.

செடிகளின் பூர்வீகத்தைப் போலவே விதைக்கும் நாளின் பூர்வீகமும் ஆராயத்தக்கது. 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்னும் பழமொழியில் பட்டம் என்பது விதைப்புக்கு ஏற்ற பருவக்கூறு. தெலுங்கும் தமிழும் அடுத்தடுத்த வீடுகளில் ஒலிக்கும் பங்காருபாளையத்தில் இதே நாளைக் குறிக்க மற்றொரு கணக்கும் உண்டு. தெலுங்கு மாதங்கள் நிலவின் வளர்பிறை தேய்பிறையைப் பின்பற்றுவதால், அவை பருவத்தோடு ஒட்டாமல் ஆண்டுதோறும் முன்பின்னாக நகர்கின்றன. ஆகவே தெலுங்கு உழவர் மாதத்தை விட்டு, சூரியன் ஒரு நட்சத்திரப் பகுதியில் தங்கும் பதின்மூன்று அல்லது பதினான்கு நாட்களைக் 'கார்த்தெ' என்று வகுத்துக்கொண்டனர். மே இறுதியில் ரோகிணி கார்த்தெ வெயிலின் உச்சம், ஜூன் 8ஐ ஒட்டி வரும் மிருகசிரா கார்த்தெ மழையின் வாசல். தமிழ் மாதமோ தொடக்கத்திலிருந்தே சூரியக் கணக்கு. சூரியன் கடக ராசியில் இருக்கும் காலமே ஆடி. ஒரு ராசியில் இரண்டேகால் நட்சத்திரங்கள் அடங்குவதால், ஆடி மாதம் என்பது புனர்வசு கார்த்தெயின் கடைசிக் கால்பங்கும், புஷ்யமியும், ஆஸ்லேஷாவும் சேர்ந்த காலமேயாகும். இரு மொழிக்காரரும் ஒரே வாரத்தில் குழி தோண்டுவது தற்செயல் அன்று. நாட்காட்டிகள் வேறுபட்டும் வயலில் இருவரும் சூரியனையே நம்பினர்.

ஆயினும் இக்கணக்கில் ஒரு நுட்பமான நழுவல் உள்ளது. ராசிகள் விண்மீன்களைக் கொண்டு அளக்கப்படுவதாலும், பருவங்கள் சூரியனின் வடக்கு தெற்கு நகர்வைக் கொண்டு அமைவதாலும், ஏறத்தாழ 72 ஆண்டுகளுக்கு ஒரு நாள் வீதம் தமிழ் மாதங்கள் பருவத்திலிருந்து பின்தங்கி வருகின்றன. தெற்கு நோக்கிய நகர்வின் தொடக்கமாக இன்றும் ஆடி முதல் நாளைக் கொண்டாடுகிறோம் எனினும், உண்மையில் அத்திருப்பம் ஜூன் 21ஐ ஒட்டியும் ஆடிப்பிறப்பு ஜூலை 16 அல்லது 17இலும் நிகழ்கின்றன; இரண்டும் ஒன்றாக இருந்தது ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன்பு. அக்கால உழவன் இதே பழமொழியை நம்பி ஆடி முதல் வாரத்தில் விதைத்திருந்தால், இன்றைய ஜூன் இறுதியின் வறண்ட காற்றில் விதையைத் தோற்றிருப்பான். ஆகவே இப்பழமொழி, இன்றைய வடிவிலும் இன்றைய பொருத்தத்தோடும், சங்ககாலத்துக்கு உரியது என்று கொள்வதற்கு இடமில்லை. ஆடி பிந்தி வரத் தொடங்கிய பிற்காலத்து உழவரின் பட்டறிவாகவே அதைக் கொள்வது பொருந்தும்.

ஆடியில் விதைப்பதற்கு மழையைத் தவிர வேறொரு காரணமும் உண்டு என்பதை அவரை காட்டுகிறது. கொடியவரையின் பழைய வகைகள் குறும்பகல் தாவரங்கள், அதாவது பகல் நீளம் ஒரு வரம்புக்குக் கீழே குறைந்த பின்னரே பூப்பவை. பங்காருபாளையம் அமைந்துள்ள 13 பாகை வடக்கில் ஆனியின் பகலுக்கும் மார்கழியின் பகலுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமே எனினும், கொடி அதைத் தவறாமல் உணர்கிறது. சித்திரையில் விதைத்தவர் ஆறேழு மாதம் இலையை மட்டும் வளர்த்து நீர் சுமப்பார்; ஆடியில் விதைத்தவரின் கொடியும் அதே காலத்தில் பூக்கும். பெங்களூரு ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட அர்கா ஜெய் போன்ற குற்றவரை வகைகள் இக்கட்டுப்பாட்டிலிருந்து விடுபட்டவை, எக்காலத்திலும் காய்ப்பவை. வசதி என்ற அளவில் அவை மேலானவை, ஆனால் பனிக்காலத்துக் கொடியவரையின் மணம் அவற்றுக்கு இல்லை என்று சமைப்போர் கூறுவதையும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

தக்காளிக்கும் கத்தரிக்கும் இடையே அண்மைக்காலத்தில் ஏற்பட்ட ஓர் உறவோடு இத்தேடல் முடிகிறது. தைவானில் உள்ள உலகக் காய்கறி மையம், வெப்பமும் மழையும் சேர்ந்து வரும் பருவத்தில் தக்காளியைக் காக்க, அதன் தண்டைக் கத்தரியின் வேர்த்தண்டில் ஒட்டுக்கட்டும் முறையைப் பரப்பியது. இந்தியாவிலும் இம்முறை ஆராய்ச்சி நிறுவனங்களில் ஆய்வு செய்யப்பட்டு, நாற்றுப்பண்ணைகள் வழியாக உழவர்களிடம் சென்றுள்ளது. தேங்கிய நீரில் தக்காளியின் வேர் ஓரிரு நாளில் மூச்சுத்திணறி மடிய, கத்தரியின் வேர் அதைத் தாங்குகிறது. மண்ணில் வாழும் பாக்டீரியா உண்டாக்கும் வாடல் நோயையும் பெருமளவு எதிர்க்கிறது. சிற்சில இடங்களில் சுண்டையின் வேரும் இதற்குப் பயன்படுகிறது. ஆனால் இந்த ஒட்டு மழையிலிருந்து மட்டுமே காக்கும். பூக்கள் மேலே தக்காளியின் தண்டில்தான் பூக்கின்றன, ஆகவே ரோகிணி கார்த்தெயின் புழுங்கும் இரவுகளில் அவை முன்போலவே உதிர்கின்றன.